நாற்பதைத் தாண்டாத வீடு

ஜனவரி 9, வியாழன்

காலையில் ஆஸ்பத்திரியைக் கூட்ட வந்த சரோஜாதான் சொன்னாள். "ஓடைக்கரை வீதில ஒரு தறிக்காரரு செத்துட்டாருங்க சிஸ்டர். ஷிப்ட்டு முடிச்சுட்டு செருப்பைப் போடக் குனிஞ்சவரு நிமிரவே இல்லையாமா."

பெயர் லோகநாதன். வயது முப்பத்து நான்கு. எனக்கு அவரைப் பழக்கமில்லை. எங்கள் சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் தெரிந்து வைத்திருக்க ஒரு நர்ஸால் முடியாது.

இன்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க நாற்பத்தேழு பேர். மாலையில் ரசம் வைத்தேன். சாப்பிடத் தோன்றவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

வீடுகளுக்குப் போய் பிரஷர் பார்க்கும் நாள். பட்டியலில் ஓடைக்கரை வீதி இல்லை. போகிற வழிதானே என்று போனேன். உண்மையில் வழி அல்ல, இரண்டு தெரு சுற்று.

வீதி முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டு, பைக் மேல் சாய்ந்து நிற்கிற படம். ஏதோ கல்யாணத்தில் எடுத்ததாக இருக்கும்.

வீட்டில் அவருடைய மனைவி மேகலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒன்பது வயதுப் பெண் தர்ஷினி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. இறந்தவரின் அம்மா பாவாயி அழவில்லை. அறுபது கடந்த, ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. எனக்கு அவரே பாய் எடுத்துப் போட்டார்.

"இந்த வூட்டு ஆம்பளைங்க நாப்பது தாண்டறதில்லீங்க அம்மிணி," என்றார். ரேஷன் கடையில் இன்று பாமாயில் இல்லை என்று சொல்வதைப் போல. "என்ற வூட்டுக்காரரு முப்பத்தொம்பதுல போனாரு. அவரு தம்பி முப்பத்தாறுல. இப்ப இவன். ஏதோ சாபமுங்க. நானும் போகாத கோயில் இல்ல."

லோகநாதனின் அண்ணன் தனசேகர் வாசலில் நின்று வந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. வெறுங்காலோடு நின்றவரின் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண், கயிறு மாதிரி தடித்திருந்தது. கும்பிடக் கையைத் தூக்கினபோது விரல் முட்டிகளில் புளியங்கொட்டை அளவு புடைப்புகள். நர்சிங் பள்ளியில் படித்த பாடம் ஒன்று அரைகுறையாக நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைத் தேடினேன். மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்த பிறகு கிடைத்தது. அதில் இதைப் பற்றி நான்கே வரி.

ஜனவரி 13, திங்கள்

டாக்டர் பிரசன்னாவிடம் சொன்னேன். இருபத்தொன்பது வயது, இங்கே வந்து ஒன்றரை வருடம். நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சாபம் இல்ல சிஸ்டர். பரம்பரைக் கொழுப்பு. பிறக்கும்போதே ரத்தத்துல கெட்ட கொழுப்பு ரெண்டு மூணு மடங்கு இருக்கும். இவங்க எண்ணெய் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இருக்கும். இருபது வயசுலயே ரத்தக்குழாய் அடைய ஆரம்பிச்சிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரும்."

"வைத்தியம் உண்டா சார்?"

"தினம் மாத்திரை போட்டா அறுபது எழுபது வரைக்கும் நல்லா இருக்கலாம். ஆனா இவங்கதான் இருக்கறதுலயே ரொம்ப ஆபத்தானவங்க. நம்மகிட்ட வரிசையில நிக்கறவங்க வயசானவங்க, சர்க்கரைக்காரங்க. இவங்க இளவட்டமா, பலசாலியா தறி ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. நாமதான் தேடிப் போகணும். ஒருத்தரைப் பிடிச்சா ஒரு குடும்பத்தையே பிடிக்கலாம்." பிறகு கேட்டார், "இறந்தவருக்கு ஏதாவது அடையாளம் இருந்துச்சா?"

"கண்ணுல, கருவிழியைச் சுத்தி வெள்ளை வளையம் இருந்தது சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"போட்டோவில பார்த்தேன்," என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பக்கத்துத் தறிக்கூடம் லீவு. பத்து வருடமாக அந்தச் சத்தத்தோடேயே இருந்து பழகிவிட்டதால், அது நிற்கிற நாளில் காது அடைத்த மாதிரி இருக்கிறது. கீழ்வீட்டு ஓனரம்மா தூக்குவாளியில் பொங்கல் கொடுத்தனுப்பினார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்தும் வருடம் தவறாமல் கொடுக்கிறார். வாளியைக் கழுவி, வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று ஆறு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன்.

மார்த்தாண்டத்திலிருந்து தங்கச்சி மேரி போன் செய்தாள். மகன் கட்டும் வீட்டுக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்று பேசினாள். இரண்டு நிமிடத்தில் வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

ரத்தம் எடுக்கிற சாமான்களோடு ஓடைக்கரை வீதிக்குப் போனேன். மேகலாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தன் கையை நீட்டினாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். தர்ஷினி ஊசியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தனசேகர் மறுத்துவிட்டார்.

"தம்பியை எரிச்ச எடம் இன்னும் ஆறலீங்க. அதுக்குள்ள எனக்கு நாள் குறிக்க வந்துட்டீங்களா?"

"நாள் குறிக்க இல்லீங்க. தள்ளிப்போடத்தான்."

"தெரிஞ்சு தினம் பயந்து சாகறதுக்குத் தெரியாம ஒரு நாள்ல போறது மேலுங்க. எங்கப்பா அப்படித்தான் போனாரு. சிரிச்சுட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சாரு."

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"பதினொண்ணு." அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளாததன் காரணத்தைப் பாவாயி பின்னால் என்னிடம் சொன்னார். ஒரு பெண்ணை நடுவழியில் விட்டுப் போகக்கூடாது என்று இருபது வயதிலேயே முடிவு செய்துவிட்டாராம்.

ஜனவரி 24, வெள்ளி

ரிசல்ட் வந்தது. மேகலாவுக்கு ஒன்றுமில்லை. தர்ஷினிக்குக் கெட்ட கொழுப்பு இருநூற்று அறுபத்தெட்டு. அந்த வயதுக்கு நூறைத் தாண்டினாலே அதிகம்.

மேகலா வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தறி நாடாவில் வைக்கிற கட்டைகளில் நூல் ஏற்றி, தார் போட்டுக் கொடுக்கிற வேலை. நான் சொன்னதும் மெஷினை நிறுத்தினாள்.

"இவ பொம்பளப் புள்ள தானுங்களே சிஸ்டர். ஆம்பளைங்களுக்குத்தானுங்க அந்தச் சாபம்?"

"சாபம்னா ஆம்பளை பொம்பளை பார்க்கும். இது பார்க்காது. ஆனா இவளுக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு. மாத்திரை இருக்கு. இவ நல்லா இருப்பா மேகலா."

"அவியளுக்கும் இப்படி யாராச்சும் சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வாசலில் தர்ஷினி கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. எழுபது வரை எண்ணினது எனக்குக் கேட்டது.

ஜனவரி 29, புதன்

தண்ணீர் வரவில்லை. மூன்று குடம் பிடித்து வைத்திருந்தது போதும், ஒருத்திக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சில் பாவ அறிக்கை ஜெபம் சொல்லும்போது என் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

தனசேகர் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கே போனேன். முப்பத்திரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லாம் கைச் சைகைதான். ஓட்டி முடித்த துணியைச் சுருட்டித் தோளில் வைத்து மாடிக் குடோனுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார் தனசேகர். பதினெட்டுப் படி. பத்தாவது படியில் நின்றார். சுவரில் கை வைத்து, முகத்தை மறைவாகத் திருப்பிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறினார்.

எதிரே இருந்த பேக்கரியில் டீ சாப்பிடக் கூப்பிட்டேன்.

"படியில ஏன் நின்னீங்க?"

"இளைப்பாறத்தானுங்க. மூட்டை வெய்ட்டு."

"நெஞ்சு பிடிக்குதா?"

அவர் டீயை ஆற்றினார். "மூணு மாசமாத்தானுங்க. நின்னா செரியாயிரும்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எதுக்குங்க சிஸ்டர் இப்படி அலையறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா முகத்தைக்கூட நிமிந்து பாக்க மாட்டாங்க. நீங்க வூட்டுக்கு வர்றீங்க, தறிக்கு வர்றீங்க. நாங்க உங்களுக்கு யாரு?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும்போது வெயில் அதிகம். குடையை மறந்துவிட்டிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இதய மருத்துவருக்கு அனுப்ப டாக்டர் பிரசன்னா இந்தக் குடும்பத்தின் விவரங்களைத் தொகுக்கிறார். "லோகநாதன் நம்ம ஓ.பி.க்கு எப்பவாச்சும் வந்திருக்காரான்னு பாருங்க சிஸ்டர். அவர் இறக்கறதுக்கு முந்தின மூணு மாச நோட்டு போதும்" என்றார்.

அக்டோபர், நவம்பர் நோட்டுகளைக் கொடுத்தேன். டிசம்பர் நோட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்றேன்.

நோட்டு பீரோவில், இரண்டாவது தட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

காலை எட்டரைக்கு நான் கதவைத் திறக்கும்போதே பாவாயி வாசலில் நின்றிருந்தார். பின்னால் தலையைக் குனிந்தபடி தனசேகர்.

"மூணு பொணத்துக்கு எண்ணெ வெச்சுட்டேன். நாலாவதுக்கு நான் இருக்க மாட்டேன், எனக்கு முதல்ல நீ வெய்யின்னு சொன்னேனுங்க. வந்தான்," என்றார்.

ரத்தம் எடுத்தேன். இ.சி.ஜி. எடுத்தேன். பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டும்போது ஒன்றை இரண்டு முறை பிரித்துப் பிரித்து ஒட்டினேன். "பயப்படாதீங்க சிஸ்டர்," என்று அவர் என்னிடம் சொன்னார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்ளாமல் தனசேகரிடம் மெதுவாகப் பேசினார். "நீங்க இன்னிக்கிருந்து தறிக்குப் போகக்கூடாது. மூட்டை தூக்கக்கூடாது. மாத்திரை எல்லாம் இப்பவே ஆரம்பிக்கறோம். ரத்தக்குழாய்ல அடைப்பு எவ்வளவுன்னு பெரியாஸ்பத்திரியில படம் எடுத்துப் பாக்கணும்."

மாலையில் ரத்த ரிசல்ட்: கெட்ட கொழுப்பு முந்நூற்றுப் பதினொன்று.

பிப்ரவரி 27, வியாழன்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பாவாயிக்கு எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று தெரியாது. எனக்குத் தெரியும், என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆஞ்சியோ முடிந்தது. மூன்று குழாயிலும் அடைப்பு. ஒன்றில் தொண்ணூற்றைந்து சதவீதம். இவர் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பதே அதிசயம் என்றார் அங்குள்ள இதய மருத்துவர். பைபாஸ் செய்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் தேதி.

வார்டில் தனசேகர் கையில் கட்டோடு படுத்திருந்தார். பாவாயி டிபன் வாங்கப் போயிருந்தார். மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தம்பிக்கும் இப்படித்தானுங்க இருந்திருக்கும். அவன் கில்லாடி, சொல்லவே இல்ல. புது வருசத்துக்கு முந்தி ஒரு நாளு, தோள் இழுக்குதுண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன், ஒண்ணுமில்லீன்னுட்டாங்கன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன்."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும், வழியில் எந்த ஊர் வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 1, சனி

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை. டாக்டர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிரஷர் மாத்திரை நாள். அறுபத்திரண்டு பேர். டாக்டர் இல்லாத நாளில் பழைய நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும் தரலாம், புதியவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பது முறை. பதினொன்றரை மணிக்கு லோகநாதன் வந்தார். மூட்டை தூக்கினால் மேல்வயிற்றில் எரிகிறது, இடது தோள் இழுக்கிறது, தாடை கடுக்கிறது என்றார். நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணில் வெள்ளை வளையம் இருந்தது. இத்தனை இளவயதில் இது ஏன் என்று ஒரு நொடி யோசித்தேன். ஒரு நொடிதான். இ.சி.ஜி. மெஷின் உள்ளறையில் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து, ஒட்டி, படம் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பின்னால் வரிசையில் சத்தம் போட்டார்கள்.

"நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, கேஸ்தான். ஒண்ணுமில்ல," என்று சொல்லி அசிடிட்டி மாத்திரை பத்து கொடுத்தேன். நோட்டில் "வயிற்று எரிச்சல்" என்று என் கையால் எழுதினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துச் செத்துப்போனார்.

அவரை எனக்குப் பழக்கமில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

டிசம்பர் நோட்டை எடுத்துப் போய் டாக்டரின் மேஜையில், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"மாவட்ட ஆபீசுக்குப் போயிருக்குன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன் சார்."

வெளியே தடுப்பூசி போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னிக்கு இ.சி.ஜி. எடுத்திருந்தாலும் நார்மலா வந்திருக்கலாம் சிஸ்டர். அப்படியும் நடக்கும்."

"வந்திருக்கலாம் சார். ஆனா நான் எடுக்கலையே."

அவர் தலையசைத்தார். "நான் மேல எழுதித்தான் ஆகணும். உங்களுக்கு மெமோ குடுத்து விளக்கம் கேப்பாங்க. நெஞ்சு, தோள், தாடைன்னு யார் வந்தாலும் உடனே இ.சி.ஜி. எடுக்கணும், நான் இருந்தாலும் இல்லாட்டியும். அதையும் சேர்த்து எழுதறேன். மெஷின் பெட்டியில இருந்தது என் தப்பு." பிறகு கேட்டார், "அவங்க வீட்ல தெரியுமா?"

"இல்ல."

"சொல்லப் போறீங்களா?"

"ஆபரேஷன் முடியட்டும் சார். இப்ப சொன்னா அவர் நம்ம மேல நம்பிக்கை போய் ஆபரேஷனுக்கு வர மாட்டார்." நான் சொன்னது நியாயம்தான். எனக்கு வசதியாகவும் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மெமோ வந்துவிட்டது. பதிலை நாலு முறை எழுதிக் கிழித்தேன். "பணிச்சுமையின் காரணமாக" என்றே எல்லாத் தாளும் ஆரம்பித்தது. ஐந்தாவது தாளில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். நான்கு வரியில் முடிந்தது.

மேரி போன் செய்தாள். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். புதுமனைப் புகுவிழாவுக்கு என்ன புடவை எடுக்கலாம் அக்கா என்றாள். பச்சை எடு என்றேன்.

மார்ச் 12, புதன்

ஆபரேஷன். தறிக்கூடத்திலிருந்து ஆறு பேர் ரத்தம் கொடுக்க வந்தார்கள். உள்ளே கொண்டுபோகும்போது தனசேகர் அம்மாவிடம், "நாப்பதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குதும்மா, அவசரம் இல்ல," என்றார். பாவாயி சிரிக்கவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டரை வரை நானும் பாவாயியும் நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட, பட்டை ஒட்ட, நான் பிடித்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். என் கையை ஒருவர் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது எப்போது என்று யோசித்தேன். அம்மா சாகக் கிடந்தபோது. அதற்குப் பதினான்கு வருடமாகிறது. கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நிமிடமும் தோன்றியது. உருவவில்லை.

இரண்டரைக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்தார். நான்கு இடத்தில் மாற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இதயம் நன்றாகத் துடிக்கிறது. பாவாயி எழுந்து, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "கஞ்சி எப்பங்க குடுக்கலாம்?" என்று கேட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

தனசேகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுநெஞ்சில் நீளத் தையல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். தர்ஷினிக்கும் குழந்தை இதய மருத்துவர் சின்ன அளவில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். பெரியப்பாவும் மகளும் சேர்ந்து மாத்திரை போடுகிறார்கள். யார் முதலில் விழுங்குவது என்று போட்டி.

மார்ச் 30, ஞாயிறு

விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன், பாவாயி நேரில் வந்து நின்றுவிட்டார். எண்ணெய் குறைத்துச் சமைத்திருந்தார்கள். இலையில் எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.

தனசேகர் மெலிந்த குரலில் சொன்னார்: "எனக்கு அக்கா இல்லீங்க. இனி நீங்கதான். இந்த உசுரு நீங்க குடுத்ததுங்க சிஸ்டர்."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேகலா மட்டும் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பாதியில் எழுந்தேன். இலையை மடிக்கும்போது எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஓடைக்கரை வீதிக்குப் போனேன்.

மேகலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"மேகலா, உன் வீட்டுக்காரர் டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி என்கிட்டதான் வந்தார். நான்தான் கேஸுன்னு சொல்லி அனுப்பினேன். இ.சி.ஜி. எடுக்கல."

அவள் கையிலிருந்த சின்னச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

"தெரியுங்க," என்றாள்.

"தெரியுமா?"

"அன்னிக்கு வந்து சொன்னாரு. கண்ணாடி போட்ட, நாகர்கோயில் பேச்சுப் பேசற சிஸ்டரு, ஒண்ணுமில்லீன்னுட்டாங்கன்னு. நீங்க இழவு வூட்டுக்கு வந்தீங்கள்ள, அன்னிக்கே அடையாளம் தெரிஞ்சுதுங்க."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். ரத்தம் எடுக்க வந்தீங்க. பாப்பாளுக்கு இருக்குதுன்னு சொன்னீங்க. அப்பவே சண்டை போட்டிருந்தா நீங்க வர்றத நிறுத்தியிருப்பீங்க. பாப்பாளை யாரு பாத்துக்குவா? அவ பெரியப்பாவை யாரு கூட்டிட்டுப் போவா?" அவள் இன்னொரு துணியை எடுத்தாள். பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். "உங்க மேல கோவம் இல்லீன்னு நான் சொல்ல மாட்டனுங்க. இருக்குது. தினம் இருக்குது. நீங்க நல்லது செய்யச் செய்ய அது இன்னும் சாஸ்தியாகுது. எங்க வெக்கறதுன்னு தெரியல."

நான் நின்றுகொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று கேட்க வந்தவள், அது கேட்கக்கூடிய பொருள் இல்லை என்று புரிந்து நின்றேன்.

"அத்தைக்கும் பாப்பாளோட பெரியப்பாவுக்கும் நான் சொல்லலீங்க. அது நீங்க சொல்லோணும்," என்றாள். "உள்ளாறதான் இருக்காங்க. வாங்க, நானும் கூட உக்காந்துக்கறேன்."

சொன்னேன். தனசேகர் கேட்டு முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கிளம்பும் வரை திரும்பவே இல்லை. பாவாயி உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஏதோ விளம்பரம் ஓடியது. மேகலா என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாயி அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு பாவாயி கேட்டார். "அன்னிக்கு அவன் என்ன சட்டைங்க போட்டிருந்தான்?"

"நீலம். கட்டம் போட்டது. முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தார். காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது."

"தறில இருந்து அப்படியே வந்திருக்கான். அப்புறமுங்க?"

"வரிசையில அவருக்குப் பின்னால ஒரு வயசான அம்மா நிக்க முடியாம நின்னாங்க. நீங்க போங்காத்தான்னு அவங்களை முன்னால விட்டார். அதனாலதான் பதினொன்றரை ஆச்சு. பத்து நிமிசம் முன்னாலயே அவர் முறை வந்திருக்கும்."

"செய்வான். அவன் அப்படித்தான். என்ன பேசினான்?"

"எரியுது, தோள் இழுக்குதுன்னார். எத்தனை குழந்தைங்கன்னு கேட்டேன். ஒரே பொண்ணுதான், நூறு வரைக்கும் நிக்காம கயிறு தாண்டுவான்னார். மாத்திரை வாங்கிட்டு, இந்தக் கூட்டத்துல நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்னு என்னைக் கேட்டார்."

இதை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே மனதில் இருந்திருக்கிறது.

மேகலா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. பாவாயி ஒரு கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். மற்றக் கை தரையில் ஊன்றியபடியே இருந்தது. அதை என் பக்கம் நீட்டவில்லை. ஆனால் பாயில் தள்ளி உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டார்.

"செத்ததுக்கப்புறம் அவனைப் பத்திப் புதுசா ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லீங்க," என்றார். "அவன் வாசல்ல நுழைஞ்சதுல இருந்து, இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.